அறுபது யானை

பென்னோவுக்கு யானை என்றால் வட்டம்.
இரண்டு முழச் சுற்றளவில் ஊசியிலை மரத்தின் வில்லை,
மழைக்காலம் முழுக்கக் குளத்தில் ஊறியது.
பட்டறையில் அது சுழலும்போது
வாசலில் நிற்கும் எனக்கும் முகம் நனையும்.
ஒரு பக்கம் முதுகு கடைவான்.
கழற்றித் திருப்பி மாட்டி
மறு பக்கம் வயிறு, கால், கால்களுக்கு நடுவே உள்ள வெளி.
எந்தப் பள்ளமும் யானையாகத் தெரியாது;
கேக் அச்சு மாதிரி இருக்கும்.
கத்தியை வைத்து
சுத்தியலால் ஒரு தட்டு.
விழும் துண்டைப் பக்கவாட்டில் பார்:
தும்பிக்கை.
வளையத்துக்கு அறுபது.
அத்தனையும் மையத்தைப் பார்த்து நிற்கும்,
மையத்தில் ஒன்றும் இருக்காது.

அவன் மரம் கடைகிற நேரம் நான் வெண்ணெய் கடைவேன்.
பிறகு உட்கார்ந்து காது ஒட்டுவேன்,
கையுறைக்காரன் கழித்த தோலில்.
வாலுக்கு நூல்.
கண்ணுக்கு ஆணியின் தலையை மையில் தொட்டு ஒரு குத்து.
சாம்பல் பூசுவது பிள்ளைகள்;
அவர்கள் தலைமுடியிலும் கொஞ்சம் யானை.

இந்த வடிவம் பென்னோவின் அப்பாவுடையது.
ஈயச் சுரங்கம் மூடிய வருஷம்
வேறு பிழைப்பு தேடியவர்
ஒரு தீப்பெட்டிப் படத்தில் பார்த்து எடுத்தாராம்.
முப்பது வருஷமாக எர்ட்ஸ் மலையிலிருந்து
உலகத்து நோவாக்களுக்கெல்லாம்
தீப்பெட்டி யானைதான் போகிறது,
பேழைக்கு இரண்டாக.

மார்ச்சில் ஃப்ரைபெர்க் போனவன்
இருபது ஃபெனிக் கொடுத்து சர்க்கஸ் பார்த்துவிட்டான்.
ராத்திரி வந்து சூப்பைத் தொடவில்லை.
"பின்னங்கால் நம்மைப் போல மடிகிறது, தெக்லா.
நெற்றியில் இரண்டு மேடு.
இரண்டு மேடு வளையத்தில் வராது."
கொஞ்ச நேரம் கழித்து,
"ஒரு காலில் சங்கிலி.
அது சும்மா நிற்கவே இல்லை.
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
கூடாரத்தில் எல்லாரும் போன பிறகும்."

மூன்று நாள் எங்கள் அடுப்பு யானை தின்றது.
ஈர மரம்; வீடெல்லாம் புகை, இருமல்.
நாலாம் நாள் அவன் கத்தியை என்னிடம் நீட்டினான்.
தட்டினேன்.
தலை தாழ்ந்திருந்தது. முதுகு சரிந்திருந்தது.
ஒரு பின்னங்கால் மடிய ஆரம்பித்து
பாதியில் யோசித்தது.
அறுபதையும் மேஜையில் வைத்தோம்.
ஒரே பக்கம் சாய்ந்து நின்றன.
சின்னவள் பார்த்துவிட்டு
விளக்கைத் தள்ளி வைக்கச் சொன்னாள்.

வியாபாரி க்ளெம் ஒன்றை எடுத்து, கவிழ்த்து,
பெட்டியில் போட்டார்.
"இது யானை இல்லை.
யானை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?"
பென்னோ தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.
தெரியும் என்று சொல்லவில்லை.
மறுநாள் தீப்பெட்டிக்குத் திரும்பினான்.
உளி போகிற சத்தத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை,
நான் காது கொடுத்துக் கேட்டேன்.

க்ளெமின் கணக்கன் எண்ணுவான், பார்க்க மாட்டான்.
பெட்டிக்கு அறுபது.
நான் அடியில் ஒன்று மாற்றி வைத்தேன்.
மறு பெட்டியில் ஒன்று.
நியூரம்பெர்க், ஹாம்பர்க், அதற்கப்பால் கப்பல் போகும் ஊர்கள்;
பெட்டி பெட்டியாக
அறுபதும் பிரிந்து போயின.
கடைசி ஒன்று அக்டோபரில்.

மாற்றி எடுத்தவை அலமாரிக்கு அடியில் இருக்கின்றன.
பென்னோ அங்கேதான் பூட்ஸ் கழற்றுவான்.
கேட்டதில்லை.
விறகு நனைந்து அடுப்பு பிடிக்காத காலையில்
இரண்டு எடுத்துப் போடுவேன்.
நன்றாகக் காய்ந்தவை,
சட்டென்று பற்றும்.